மகள் வீட்டுக்குப் போன இடத்தில் தண்டவாள வேலை: புதிதாகச் சேருகிறவர்களுக்கு

கடலூர் முதுநகர் டீக்கடையில் உட்கார்ந்தால் மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்: "ஏன் சார், நீங்க லண்டன் போயி ரயில்வேல வேல பாத்தீங்களாமே?" போன ஊர் லண்டன் இல்லை, பார்த்தது வேலையும் இல்லை. மகள் குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருக்கிறாள். பேரனைப் பார்க்கப் போகிற மாதங்களில், அவள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேர பஸ் தூரத்தில், ஊர்க்காரர்களே கூடி நடத்தும் ஒரு நீராவி ரயில்பாதைக்குச் சனிக்கிழமைகளில் ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) மாற்றப் போவேன். சம்பளம் கிடையாது. டீ உண்டு. பால் ஜாஸ்தி, டிகாஷன் கம்மி, சர்க்கரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாகி, அந்தக் கேங்குக்குத் தலைவனான 'மேட்'டாக ஓய்வுபெற்றவன். ஆனாலும் இதை ரயில்வேக்காரர்களுக்காக எழுதவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்காகவும், படிக்கப் போய் வார இறுதியில் அறைக்குள் சுருண்டு கிடக்கும் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். கடப்பாரையைத் தொட்டே இராதவர்களும் சேரலாம். எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டரும், பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா ஜல்லி வாரும் வேகத்துக்கு நான் ஈடுகொடுக்க முடியவில்லை.

இப்படி ஒரு வழக்கம் ஆரம்பித்த இடம் வேல்ஸில் உள்ள டாலிலின் ரயில்பாதை. பலகைக்கல் சுரங்கத்துக்காகப் போட்ட குட்டிப் பாதை அது. இரண்டு ரயிலுக்கும் (தண்டவாள இரும்பை நாங்கள் ரயில் என்றுதான் சொல்வோம்) நடுவில் 686 மில்லிமீட்டர்தான். மூடப்போகிற நிலையில் 1950-ல் சில ஆர்வலர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். 1951 முதல் தன்னார்வலர்களே அதை ஓட்டுகிறார்கள். உலகத்தில் இப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில்பாதை அதுதான். அதற்குப் பிறகு பிரிட்டன் முழுக்க இதே மாதிரி பல பாதைகள் வந்துவிட்டன. பிரான்ஸில் சொந்தக்காரர்கள் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு தகவல்: அங்கே வடக்குக் கடற்கரையில் சோம் நதி முகத்துவாரத்தைச் சுற்றி ஒரு சங்கம் நீராவி ரயில் ஓட்டுகிறது. அது மீட்டர்கேஜ். விழுப்புரம்–புதுச்சேரி பாதை 1879-ல் திறந்தபோது போட்டிருந்த அதே அகலம். பார்த்தால் நம்மூர்ப் பழைய ஞாபகம் வந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நம்மூர்ப் பாதையில் கை வைக்கப் போய்விடாதீர்கள். நீலகிரி மலை ரயில் யுனெஸ்கோ பட்டியலில் இருந்தாலும் அதன் பாதையைப் பார்த்துக்கொள்வது தெற்கு ரயில்வே ஊழியர்கள்தான். அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி குற்றம். கெடிலத்துப் பாலம் பக்கம் செல்ஃபி எடுக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

டிக்கெட் போடும் முன்பு

விசாவைப் பாருங்கள். பிரிட்டனுக்குச் சாதாரணப் பார்வையாளர் விசாவில் போகிறவர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மொத்தம் 30 நாள் வரைக்கும் தன்னார்வ வேலை செய்யலாம். அதற்காகவே போவதாக இருக்கக் கூடாது. பேரனைப் பார்க்கப் போன இடத்தில் இதையும் செய்கிறோம் என்றிருக்க வேண்டும். பல பாரம்பரிய ரயில்பாதைகளுக்குத் தொண்டு நிறுவனப் பதிவு இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு, போகிற ஒவ்வொரு நாளையும் டைரியில் குறித்து வையுங்கள். வாரம் ஒரு நாள் என்றால் ஆறு மாதத்துக்கு 26 நாள் வரும். கணக்கு சரியாகத்தான் இருக்கும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு வேலை நேர வரம்பு உண்டு. நாம் 'சும்மாதானே செய்கிறோம்' என்று நினைக்கும் சில வேலைகளும் அந்த வரம்புக்குள் வந்துவிடும்.

பிறகு, பக்கத்தில் எந்தப் பாதை இருக்கிறது என்று பார்த்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். என்ஜினில் ஏற வேண்டும் என்று எழுதினால் வரிசை நீளம். கரி அள்ளிப் போடும் இடத்துக்கு இளவட்டங்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பாதைக் குழுவில் சேர விரும்புகிறேன் என்று எழுதிப் பாருங்கள், மறுநாளே பதில் வரும். ஆள் கிடைக்காத துறை அது, எல்லா நாட்டிலும்.

சங்கத்தில் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகச் சொல்வார்கள். உடல்நிலை பற்றி ஒரு படிவம் தருவார்கள். அதில் மறைக்காதீர்கள். சர்க்கரை, பிரஷர், காது கேட்கும் அளவு எல்லாவற்றையும் எழுதுங்கள். சர்க்கரை இருக்கிறது என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டாக வேண்டியவர் என்பது மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை போட்டிருந்தால் அன்றைக்குச் சொல்லிவிடுங்கள். மது அருந்திவிட்டுப் பாதையில் வேலை செய்வது அங்கே 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சம்பளம் வாங்காதவர்களுக்கும் அதே சட்டம்தான். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன போட்டுக்கொண்டு போவது

காலணி முக்கியம். விரல் பக்கம் இரும்புத் தொப்பி வைத்த, கணுக்காலைப் பிடிக்கிற, கயிறு கட்டும் பூட்ஸ். கயிறில்லாமல் அப்படியே நுழைக்கிற பூட்ஸ் வேண்டாம். ஜல்லியில் கால் புரளும்போது அது பிடிக்காது. மேலங்கி ஆரஞ்சு நிறம். மஞ்சள் அல்ல. நம் பிள்ளைகள் சைக்கிளுக்குப் போடும் மஞ்சள் மேலங்கியை எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். முதல் நாளுக்கு அவர்களே இரவல் தருவது வழக்கம். சிவப்பும் பச்சையும் வேண்டாம்; தூரத்திலிருந்து பார்க்கிற டிரைவர் கண்ணுக்கு அது கொடி மாதிரித் தெரியலாம். என் சம்சாரம் பின்னிக் கொடுத்த சிவப்பு மஃப்ளர் மூன்று வருஷமாகப் பெட்டியில்தான் கிடக்கிறது.

குளிரைப் பற்றிச் சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். பிப்ரவரியில் கடப்பாரையைக் கையுறை இல்லாமல் தொட்டால் விரல் மரத்துப்போகும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று சட்டை போடுவது நல்லது. வேலை சூடு பிடித்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மேலே மழைச் சட்டை. சாப்பாட்டுக்கு நான் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோவேன். கூடுதலாக ஒரு டப்பா வறுவல் வையுங்கள். காரணம் போனால் புரியும்.

முதல் நாள் வகுப்பு

வந்ததும் கடப்பாரையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். பாதைப் பாதுகாப்பு வகுப்பு உண்டு. பாதி நாள் பேச்சு, பிறகு நடந்து காட்டுவது, பிறகு கேள்வி கேட்பது. அதில் தேறினால்தான் பாதைக்குள் கால்.

இந்த வகுப்பில் நான் அவமானப்பட்ட கதை ஒன்று உண்டு. முப்பது வருடப் பழக்கம். பாதையைக் கடக்கும்போது ரயில் தலைமேல் கால் வைத்து ஏறிக் கடந்தேன். வகுப்பெடுத்தது இருபத்திரண்டு வயசுப் பெண். சிரித்த முகத்தோடு, "திரும்பி வாங்க, மறுபடியும் கடங்க" என்றாள். ரயில் தலை வழுக்கும், அதன்மேல் மிதிக்கவே கூடாது. தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு இது தெரியாதா? தெரியும். நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன். கால்தான் கேட்கவில்லை. மூன்று தடவை கடக்க வைத்தாள்.

அன்றைக்குச் சொல்லிக் கொடுப்பதில் முக்கியமானவை இவை. பாயிண்ட்ஸ், அதாவது பாதை பிரியும் அமைப்பு, உள்ள இடத்தில் நகரும் நாக்குக்கும் ரயிலுக்கும் இடையில் கால் வைக்கக் கூடாது. எங்கே நின்றாலும், வண்டி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட வேண்டும். கொம்பு ஊதியதும் வேலையைப் பாதியில் விட்டு ஒதுங்கி, ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்த வேண்டும். உங்களைப் பார்த்துவிட்டேன் என்று டிரைவருக்குச் சொல்வது அது. வேலை நடக்கும்போது ஒருவர் எதுவுமே செய்யாமல் கொடியும் கொம்புமாக நின்றுகொண்டிருப்பார். அவர்தான் காவல் பார்ப்பவர். அவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள். கிரிக்கெட் ஸ்கோர்கூட.

பெரும்பாலான பாதைகளில் வேகம் மணிக்கு 25 மைல்தான், அதாவது சுமார் 40 கிலோமீட்டர். மெதுவாகத்தானே வருகிறது என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். இறக்கத்தில் நீராவியை மூடிவிட்டு உருண்டு வரும் என்ஜின் எழுப்பும் சத்தம், நம் ஊரில் பின்னால் வரும் சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ரயில் ஓடாத நாளில்கூட, வேலை நடக்கும் பாதைத் துண்டை முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டுதான் இறங்குவார்கள். ஒற்றைப் பாதையில் இதற்கு டோக்கன் இருக்கிறது. கடலூரில் மீட்டர்கேஜ் ஓடிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஸ்டேஷன் மாஸ்டர் பெரிய வளையத்தை நீட்டுவார், ஓடுகிற என்ஜினிலிருந்து கை வந்து அதைக் கோத்துக்கொண்டு போகும். அந்த வளையத்தின் பையில் இருந்ததுதான் டோக்கன். அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்தத் துண்டுப் பாதை சொந்தம். நம்மூரில் போய்விட்ட அந்தச் சாமான் அங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

சில சொற்கள் காதில் விழும். இரண்டு ரயிலுக்கும் நடுவிலுள்ள இடம் 'ஃபோர் ஃபூட்'. இரண்டு பாதைகளுக்கு நடுவிலுள்ள இடம் 'சிக்ஸ் ஃபூட்'. ஜல்லிக்கு வெளியே நடக்கிற ஓரம் 'செஸ்'. இதை நாமும் செஸ் என்றுதான் சொல்கிறோம். பாதைக்கே 'பெர்மனென்ட் வே' என்று பெயர், சுருக்கமாகப் 'பி வே'. மற்றபடி எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எழுபத்தைந்து வயசுத் தலைவரையும். எனக்கு அது வரவில்லை. சார் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் அந்த மனிதருக்குப் பட்டப்பெயரே சார் ஆகிவிட்டது.

சாவி தட்டிக்கொண்டு நடப்பது

புதியவருக்கு முதலில் கிடைக்கும் நல்ல வேலை, அனுபவசாலி ஒருவரோடு பாதையை நடந்து பார்ப்பது. இதைத் தவற விடாதீர்கள்.

அங்கே பழைய பாதைகளில் இருக்கும் ரயில் நம்முடையது போல அடி தட்டையாக இருக்காது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலேயும் கீழேயும் உருண்டை, எட்டு எழுதிய மாதிரி. அதனால் அது தானாக ஸ்லீப்பர்மேல் உட்காராது. 'சேர்' என்று வார்ப்பிரும்பு இருக்கை ஒன்றை ஸ்லீப்பரில் திருகாணி போட்டு முடுக்கி, அதற்குள் ரயிலை இறக்கி, இடுக்கில் ஒரு ஓக் மரக் கட்டையை அடித்து இறுக்குவார்கள். முக்கால் சாண் நீளம் இருக்கும். அந்தக் கட்டைக்குப் பெயர்தான் 'கீ', சாவி. நம் ரயில்வேயில் கீமேன் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பெயர் வந்தது இந்தச் சாவியிலிருந்துதான். நம்மூரிலும் வார்ப்பிரும்பு ஸ்லீப்பர் காலத்தில் இரும்புச் சாவி இருந்தது. இப்போது கான்கிரீட் ஸ்லீப்பரும் சுருள் கிளிப்பும் வந்தபிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீமேனாகப் பத்து வருஷம் இருந்துவிட்டு, மரச் சாவியை முதன்முதலில் கையில் பிடித்தது அங்கேதான்.

கோடையில் வெயில் பட்டு மரம் சுருங்கும், சாவி நழுவும். மழையில் ஊறினால் தானே இறுகிக்கொள்ளும். அதனால் நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் நடக்கிறவருக்கு வேலை அதிகம். நீண்ட பிடி போட்ட சுத்தியலால் சாவியின் தலையில் ஒரு தட்டு. இறுக்கமாக இருந்தால் 'டங்'கென்று மேலே ஏறும் சத்தம், கை அதிரும். தளர்ந்திருந்தால் 'தொப்'. ஒரு மைல் நடப்பதற்குள் காது பழகிவிடும். அடிக்கும்போது ரயிலுக்கு இணையாக நின்று சாவியின் முனையில் மட்டும் அடியுங்கள். குறி தப்பிச் சேரில் பட்டால், வார்ப்பிரும்பு கண்ணாடி மாதிரி, விரிசல் விட்டுவிடும். பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்வதும் அதற்குத்தான், சில்லு தெறிக்கும்.

நடக்கும்போது இரண்டு ரயில் சேருமிடத்தில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து நான்கு போல்ட் முடுக்கியிருக்கும். அதுதான் ஃபிஷ் பிளேட். நடுவில் இடைவெளி இருக்கும். 60 அடி ரயில், 18.3 மீட்டர், 30 டிகிரி சூடேறினால் ஆறு மில்லிமீட்டருக்கும் கூடுதலாக நீளும். நீள இடம் இல்லாவிட்டால் பாதை பக்கவாட்டில் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். வெயில் காலத்துக்கு முன் ஃபிஷ் பிளேட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, எண்ணெய் பூசி மறுபடி முடுக்குவது அதற்காகத்தான். கை கறுத்துப்போகும், முதுகு வலிக்காது. வயசானவர்கள் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கொஞ்ச தூரம் போனதும் குனிந்து, ரயிலின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, நீளவாக்கில் பாருங்கள். நேராகத் தெரிந்த பாதை அலை அலையாகத் தெரியும். எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே சாக்கட்டியால் ஒரு குறி.

தண்ணீர்

அந்தக் குறிகளில் பாதிக்குக் காரணம் தண்ணீர். இதைக் கடலூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? 2011 டிசம்பர் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்கள் நாம்.

நான் சேர்ந்த மூன்றாவது சனிக்கிழமை ஒரு வெட்டுப்பள்ளத்தில் இறங்கினோம். அங்கே ஒரு ஜாயின்ட், இரண்டு ரயில் சேருமிடம், மாதா மாதம் தாழ்கிறதாம். வருவார்கள், ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள், ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைக் குத்திப் பேக்கிங் அடிப்பார்கள், போவார்கள். அடுத்த மாதம் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி. ஸ்லீப்பரைச் சுற்றி ஜல்லிமேல் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைச் சேறு காய்ந்திருந்தது. வண்டியின் சக்கரம் ஏறும்போது ஸ்லீப்பர் அமுங்கும், இறங்கும்போது எழும்பும்; கை பம்பு மாதிரி அடிமண்ணை உறிஞ்சி மேலே துப்பும். துப்பிய களிமண் ஜல்லியின் சந்துகளை அடைத்துவிட்டால், அதற்குமேல் நீங்கள் குத்துவது ஜல்லியை அல்ல, கொழுக்கட்டை மாவை.

நான் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். 'எங்க ஊர்ல' என்று ஆரம்பிக்கும் புது ஆளை எந்தக் குழுவுக்கும் பிடிக்காது. ஆனால் பக்கத்துச் சரிவில் கோரை மாதிரி ஒரு புல் கற்றையாக நின்றது. சுற்றிலும் வேறெங்கும் இல்லை, அங்கே மட்டும். கோரை இருந்தால் தண்ணீர் நிற்கிறது என்று நம்மூரில் ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். தோண்டிப் பார்த்தோம். செஸ்ஸை ஒட்டி மண்ணுக்கடியில் போகும் வடிகால் குழாயின் வாயில் மர வேர் பந்தாகச் சுருண்டு அடைத்திருந்தது. இழுத்து எடுத்ததும் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர் கால் மணி நேரம் ஓடியது. அழுக்கு ஜல்லியை வாரி வெளியே போட்டு, புது ஜல்லி நிரப்பி, கடைசியாகத்தான் பேக்கிங். அதற்குப் பிறகு நான் ஊருக்குத் திரும்பும் வரை அந்த ஜாயின்ட் அசையவில்லை.

ஆகவே புதியவர்களுக்கு என் ஆலோசனை: ஓடை தூர்வாரும் வேலைக்கு ஆள் கேட்டால் முதலில் கையைத் தூக்குங்கள். யாரும் விரும்பாத வேலை, படம் எடுக்க யாரும் வர மாட்டார்கள். ஆனால் பாதைக்கு அதைவிட நல்லது வேறில்லை. தூர்வாரும்போது தண்ணீர் போகிற கடைக்கோடியிலிருந்து ஆரம்பித்து மேலே வாருங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் நாளெல்லாம் சேற்றுத் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். அள்ளிய சேற்றை ஓடையின் கரையிலேயே குவிக்காதீர்கள். அடுத்த மழைக்கு அது உள்ளேயே போய்விடும். ரப்பர் கையுறை கட்டாயம். எலிக்காய்ச்சல் அங்கேயும் உண்டு, எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்துதான் வருகிறது. கையில் சிராய்ப்பு இருந்தால் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

ஸ்லீப்பர் மாற்றுவது

மரம் உளுத்துவிட்ட ஸ்லீப்பர்களில் பெயின்ட் குறி போட்டிருப்பார்கள். கடப்பாரை முனையால் குத்தினால் கேக்கில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். ஒரு ஸ்லீப்பருக்கு நான்கு பேர், பழகாத கைகளுக்கு ஒரு மணி நேரம்.

முதலில் ஸ்லீப்பரின் இரண்டு பக்கத்து ஜல்லியையும் அதன் அடிமட்டம் வரை வாரி எடுக்க வேண்டும். வெளியே இழுக்கப்போகிற பக்கம் முனைக்கு அப்பாலும் வாருங்கள். பாதி வலி இந்தக் கட்டத்தில்தான். சோம்பல்பட்டு அரைகுறையாக வாரினால் இழுக்கும்போது இரண்டு மடங்கு வலி. பிறகு சாவிகளைத் தட்டி எடுத்து, சேர் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்த திருகாணி அசையாது. நீளப் பிடி ஸ்பேனரில் இரண்டு பேர் தொங்கினாலும் அசையாது. எண்ணெய் விட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், அசையும். பக்கத்து ஸ்லீப்பர்களின் சாவியையும் தளர்த்தி, ஜாக்கியால் ரயிலை இரண்டு விரற்கடை தூக்குவார்கள். அந்த நேரத்தில் ரயிலுக்கும் சேருக்கும் நடுவில் விரலை விடாதீர்கள். ஜாக்கி எப்போது நழுவும் என்று சொல்லிக்கொண்டு நழுவாது. 60 அடி ரயில் ஒன்று சுமார் 860 கிலோ.

சேரை எடுத்துவிட்டுப் பழைய ஸ்லீப்பரை இடுக்கியால் பிடித்து வெளியே இழுங்கள். சேர் ஒன்றே சுமார் 20 கிலோ இருக்கும். முதுகைக் குனிக்காமல் முட்டியை மடக்கித் தூக்குங்கள். ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். நம் கேங்கில் 'ஏலேலோ ஐலசா' போடுவது எதற்கு? எல்லாக் கையும் ஒரே நொடியில் இழுக்கத்தான். அங்கே 'ஒன், டூ, த்ரீ, லிஃப்ட்' என்பார்கள். ஒருநாள் நம் பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். பல் டாக்டருக்கு 'ஐலசா' மட்டும் பிடித்துப்போய்விட்டது.

புது ஸ்லீப்பர் உட்காரும் படுகையைச் சுரண்டிச் சமமாக்கி, உள்ளே தள்ளி, ரயிலுக்கு நேர் குறுக்காக நிறுத்தி, சேரை வைத்து, கேஜ் கோலைக் குறுக்கே வைத்து அகலம் சரிபார்த்த பிறகுதான் திருகாணிக்குத் துளை போட வேண்டும். ஸ்டாண்டர்டு கேஜ் என்றால் 1435 மில்லிமீட்டர். துளை போட்டபிறகு அளந்தால் அழத்தான் முடியும். பழைய ஸ்லீப்பரிலும் புதிதிலும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கலாம். வெயில் நாளில் அது தோலில் பட்டால் எரியும், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் பேக்கிங். ஸ்லீப்பரின் நடு வயிற்றில் குத்தக் கூடாது; ரயில் உட்காரும் இடத்துக்கு அடியில், இரு பக்கமும் சுமார் ஓரடிக்குத்தான் குத்த வேண்டும். நடுவில் கெட்டியாகி ஓரம் இளகியிருந்தால் ஸ்லீப்பர் தராசு மாதிரி ஆடும், வண்டியும் ஆடும், சில வருஷத்தில் கட்டை நடுவில் முறியும். எதிரெதிராக இருவர் நின்று ஒரே தாளத்தில் குத்தினால் ஜல்லி நடுவில் நெருங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஜல்லியை நிரப்பி மூடுங்கள். வெயில் கடுமையான நாளில் வரிசையாகப் பல ஸ்லீப்பர்களுக்கு ஜல்லியைத் திறந்து போடவே கூடாது. பாதையை நெளியாமல் பிடித்து வைத்திருப்பது அந்த ஜல்லிதான். அதனால்தான் பெரிய வேலைகளை வண்டி ஓடாத ஜனவரி, பிப்ரவரிக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

முதல் வண்டி போனபிறகு புது ஸ்லீப்பர் கொஞ்சம் அமுங்கும். மறுபடி போய்ச் சாவியைத் தட்டி, திருகாணியை முடுக்கிவிட்டு வர வேண்டும்.

ஓரத்துச் செடிகொடிகள்

நீராவி என்ஜின் தீப்பொறி துப்பும். காய்ந்த புல்லில் விழுந்தால் பற்றிக்கொள்ளும், அதற்குப் பக்கத்து விவசாயி சும்மா இருக்க மாட்டார். சிக்னலும் லெவல் கிராசிங்கும் டிரைவர் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். அதனால் வெட்டும் வேலை ஓயாது. ஆனால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். கூட்டைக் கலைப்பது அங்கே 1981-ம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம் என்பதால், புதர் வெட்டுவதைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவிடுவார்கள். சங்கிலி ரம்பத்தைச் சான்றிதழ் இல்லாதவர் தொட முடியாது. நாம் வெட்டியதை இழுத்துக் குவிக்கலாம்.

இரண்டு செடிகளை மட்டும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று ஜப்பானிய நாட்வீட். மூங்கில் மாதிரிக் கணுவோடு வளரும். நம் நெய்வேலிக் காட்டாமணக்கின் குணம்தான், விரல் அளவு துண்டு விழுந்தாலும் முளைத்துவிடும். கண்டால் வெட்டாதீர்கள், இழுக்காதீர்கள், மேற்பார்வையாளரிடம் இடத்தைச் சொல்லுங்கள். இன்னொன்று ராட்சத ஹாக்வீட். ஆளுயரத்துக்கும் மேலே, குடை மாதிரி வெள்ளைப் பூ. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் கிளம்பும்.

பாம்பு? பயப்பட வேண்டாம். விஷப்பாம்பு என்று அந்த நாட்டில் இருப்பது ஆடர் என்ற ஒரே ஒரு விரியன். ஜல்லிக்குள் கண்ணாடி விரியன் இருக்குமோ என்று கைவிளக்கோடு நடந்தவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உண்ணிதான் தொல்லை. புல்லில் வேலை செய்த நாளில் வீட்டுக்குப் போய் முட்டிக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல் நுண்ணிய இடுக்கியால் நேராக இழுத்து எடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நாள் முடிவில்

கொண்டுபோன கருவிகளை எண்ணுங்கள். காலையில் பதினொன்று என்றால் மாலையிலும் பதினொன்று. ஒருதடவை ஒரு சாவிச் சுத்தியல் குறைந்து, இருட்டுகிற நேரத்தில் நாங்கள் அரை மைல் திரும்பி நடந்தோம். ஃபோர் ஃபூட்டில்தான் கிடந்தது. வைத்தது நான்தான். ஆள் எல்லோரும் வெளியே வந்துவிட்டதைச் சரிபார்த்து, பதிவேட்டில் வெளியேறும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால், நீங்கள் இன்னும் பாதையில் இருப்பதாகத்தான் அவர்கள் கணக்கு, தேட வருவார்கள்.

பூட்ஸை வாசலிலேயே கழற்றி, கால்சட்டையைத் தனியாக ஒரு பையில் போட்டுவிட்டு உள்ளே போங்கள். கிரியோசோட் வாடை மகள் வீட்டுக் கம்பளத்தில் ஏறிவிட்டால், அடுத்த சனிக்கிழமை வெளியே விட மாட்டாள்.